கொசுவுக்காக ஒரு மரவீடு

இந்த வருடம் கூடாரம் வேண்டாம் என்று
முதலில் சொன்னது குன்டார்ஸ்.
கொசு, என்றான்.
பதினாறு கோடையாய் கௌயா ஆற்றங்கரையில்
சட்டையில்லாமல் தூங்கியவன்,
வாயில் புகுந்த கொசுவை இருமித் துப்பிவிட்டு
விட்ட இடத்திலிருந்து குறட்டையைத் தொடர்ந்தவன்.

ஆமாம், கொசு, என்றான் ஊல்டிஸ்.
போன கோடையில் தாங்கவே முடியவில்லை, என்றேன் நான்.
போன கோடையில் நாங்கள் போகவே இல்லை.

முழுப் பூசணிக்காயை மூன்று பேர் சேர்ந்து
கொசுவலைக்குள் மறைத்தோம்.
விஸ்மா ஒன்றும் சொல்லவில்லை.
சிவந்த மணற்பாறையிலிருந்து
எல்லோருக்கும் முன்னால் தண்ணீரில் விழுபவள் அவள்;
விழுந்தபின்தான் ஆழம் எவ்வளவு என்று
கத்திச் சொல்வாள்.
இப்போது அவளுடைய ஊன்றுகோல்
ஐந்தாவது நாற்காலியில் சாய்ந்திருந்தது,
அழைக்காமல் வந்த விருந்தாளிபோல.

மார்ச் மாதம். வல்மியேராவில்
என் சமையலறைச் சன்னலுக்கு வெளியே
கூரைப்பனி சொட்டிக்கொண்டிருந்தது.
ஜூன் இருபத்திரண்டு முதல் மூன்று இரவு.
ஆறு படுக்கை, ஓர் இரும்பு அடுப்பு,
நீராவிக் குளியலறைக்குத் தனிக் கட்டணம்,
விறகு முதல் கூடை இலவசம்.
நாய் வரலாம். பூனையைப் பற்றி எழுதவில்லை.

யாருக்கு மேல்கட்டில்?
எனக்கு, என்றான் ஊல்டிஸ் அவசரமாக,
நூற்றுப்பத்து கிலோ உடம்போடு.
கீழே யார் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பட்டியல் என் பொறுப்பு.
கோடாலி. தீப்பெட்டி நான்கு,
அதில் ஒன்று மெழுகுத்தாளில் சுற்றியது.
ரை ரொட்டி.
சீமைச்சீரகம் போட்ட பாலாடைக்கட்டி,
கடையில் வாங்குவது வேண்டாம், ஊல்டிஸின் அக்கா செய்வது.
பியருக்கு குன்டார்ஸ் ஓர் எண் சொன்னான்;
பாதியாக எழுதினேன்;
பேனாவைப் பிடுங்கி முழுதாக்கினான்.
உப்பு. ஒவ்வொரு தடவையும் மறக்கிற உப்பு.
கொசுத்தைலம் மூன்று புட்டி.
பொய்க்கும் செலவு உண்டல்லவா.

குப்பை கொட்டிவிட்டு வருகிறேன் என்று
வாளியோடு மாடிப்படிக்கு வந்து
மரவீட்டுக்காரியை அழைத்தேன்.
ஸ்கைட்ரீட்டே என்று பெயர்.
வாசலிலிருந்து ஆற்றுக்கு எத்தனை படி?
எண்ணியதில்லையே, என்றாள்,
இருங்கள்.

கதவு முனகியது. காற்று.
பூட்ஸ் பனியை நொறுக்கும் சத்தம்.
ஒன்று, இரண்டு என்று எண்ணியபடி
முன்பின் தெரியாத ஒருத்தி
என் காதுக்குள் இறங்கிப் போனாள்.
ஏழாவதில் நின்றாள்:
இது கொஞ்சம் ஆடுகிறது, மகனிடம் சொல்கிறேன்.
கைப்பிடி இடப்பக்கம் மட்டும்.
எந்தக் கால்?
காலைப் பற்றி நான் சொல்லவே இல்லை.
வலது, என்றேன்.
அப்படியானால் இறங்குவது சுலபம்.
ஏறும்போது பின்பக்கமாக ஏறச் சொல்லுங்கள்,
என் நாத்தனார் ஆற்றைத் திட்டிக்கொண்டே
அப்படித்தான் ஏறுவாள்.
பதினொன்று, என்றாள் கடைசியில், மூச்சிரைக்க.
அதற்குக் கீழே பனிக்கட்டி.
இன்னும் இரண்டோ மூன்றோ இருக்கும்.
ஆறு விட்டுக்கொடுத்ததும் சொல்கிறேன்.

திரும்பி வந்தேன்.
குப்பைவாளி கையிலேயே இருந்தது, நிறைந்தபடி.
விஸ்மா வாளியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
மேசையில் பட்டியல் வளர்ந்திருந்தது.
கொசுத்தைலத்துக்குக் கீழே
அவளுடைய சாய்ந்த எழுத்து:
ஊன்றுகோலுக்கு ரப்பர் முனை, இரண்டு.
கீழ்க்கட்டில், சன்னல் பக்கம்.

எத்தனை? என்றாள்.
பதினொன்று. மீதி பனிக்கு அடியில்.
கொஞ்சம் யோசித்து
இரண்டை மூன்றாகத் திருத்தினாள்.

குன்டார்ஸ் மட்டும்
அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றபடி
கௌயாக் கொசுக்களின் நீளத்தை
இரண்டு கையாலும் விரித்து விரித்து
இன்னும் அளந்துகொண்டிருந்தான்.